பூத்தால்தான் பெயர்: ஏறுகொடி ஹைட்ரேஞ்சியாவின் இருநூறு ஆண்டுகள்

உதகையிலும் கொடைக்கானலிலும் வீட்டு முற்றங்களில் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பந்துபந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்தவர்கள் பலர். இடுப்பளவு உயரம் வளரும் குத்துச்செடி அது. பூர்விகம் ஜப்பான். அதே பேரினத்தில் மரமேறும் கொடி ஒன்று உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி. தண்டிலிருந்து புறப்படும் பற்றுவேர்களால் மரப்பட்டையையும் பாறையையும் செங்கற்சுவரையும் கவ்விக்கொண்டு பதினைந்து, இருபது மீட்டர் உயரம்வரை அது ஏறிச் செல்லும். உத்தராகண்டிலிருந்து நேபாளம், சிக்கிம், பூட்டான் வழியாக அருணாசலம்வரை இமயத்தின் ஈரமான நடுமலைக் காடுகளில் அது இயல்பாக வளர்கிறது. சீனத்திலும் உண்டு. அதன் மிக நெருங்கிய உறவு ஜப்பானிலும் கொரியாவிலும் சகாலின் தீவிலும் காணப்படுகிறது.

ஐரோப்பியத் தோட்டங்களில் நூற்றாண்டுக்கு மேலாக இக்கொடி ஒரே குறையோடு பேசப்பட்டு வந்திருக்கிறது: நட்டால் எளிதில் பூப்பதில்லை. இலை விடுகிறது, சுவர் முழுவதும் படர்கிறது, குளிரைத் தாங்குகிறது, பூச்சி அரிப்பதும் குறைவு. ஆனால் ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு, சில இடங்களில் பத்து ஆண்டு சென்ற பின்னரே முதற்பூ வருகிறது. உரமிட்டவர்கள் உண்டு, இடம் மாற்றி நட்டவர்கள் உண்டு, பொறுமையிழந்து வெட்டி எறிந்தவர்களும் உண்டு.

இக்குறையைத் தோட்டக்கலையின் சிறு சிக்கலாக மட்டும் எண்ணிவிட முடியாது. இக்கொடி அறிவியல் நூலுக்குள் வந்த வரலாற்றையும் அதன் பூதான் தீர்மானித்தது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரவியலில் பூ கிடைக்காத செடிக்கு முறையான இடமே கிடையாது.

*எண்ணப்பட்ட மகரந்தத்தாள்கள்*

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலே இன்றைய தாவரப் பெயர்களுக்குத் தொடக்கப்புள்ளி. அவர் வகுத்த முறையில் செடியின் உயரமோ இலையோ மருத்துவக் குணமோ வகைப்பாட்டுக்கு அடிப்படை ஆகவில்லை. பூவைப் பிரித்து மகரந்தத்தாள்களை எண்ண வேண்டும். அதன்பின் சூல்தண்டுகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை தெரிந்தால் செடி எந்த வகுப்பு, எந்த வரிசை என்பது தெரிந்துவிடும். கணக்குப்பிள்ளைக்கும் புரியக்கூடிய இந்த எளிமையே அம்முறை உலகெங்கும் பரவியதற்குக் காரணம்.

ஹைட்ரேஞ்சியா என்ற பெயருக்கும் வித்திட்டது ஓர் உறுப்புதான். கிரேக்க மொழியில் நீரையும் கலத்தையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை அது. வட அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து வந்த செடியின் காய் சிறு தண்ணீர்க்குடம் போலிருந்ததால் அப்பெயர் ஏற்பட்டது. லின்னேயஸ் அதைப் பத்து மகரந்தத்தாள் கொண்ட வகுப்பில் வைத்தார்.

ஆனால் ஹைட்ரேஞ்சியாவின் பூ எண்ணுபவரை ஏமாற்றக்கூடியது. கொத்தின் விளிம்பில் வண்ணம் காட்டும் பெரிய மலர்கள் பெரும்பாலும் மலடு. அவற்றில் இதழ் போலத் தெரிபவை உண்மையில் அகன்ற புல்லி இதழ்கள். பூச்சிகளை அழைக்கும் கொடிகள் போல அவை வெளியே நிற்க, விதை தரும் மலர்கள் கொத்தின் நடுவில் கடுகளவில் அடங்கிக் கிடக்கும். மலைவாசத்தலங்களில் காணும் பந்துமலர்களில் ஏறத்தாழ எல்லாமே மலட்டுப் பூக்கள். அவை மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த வகைகள். 1775-இல் நாகசாக்கி வந்து சேர்ந்த துன்பெர்க், லின்னேயஸின் நேரடி மாணவர். அவரே ஜப்பானிய ஹைட்ரேஞ்சியாவை 1784-இல் வெளியிட்ட நூலில் விபர்னம் என்ற வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டார். விபர்னத்திலும் விளிம்பில் பெரிய மலட்டுப் பூக்கள் உண்டு.

ஏறுகொடியிலோ சிக்கல் இன்னும் அதிகம். முதலில் பூ கைக்கெட்டும் உயரத்தில் இல்லை. நிழலடர்ந்த காட்டின் தரையில் முளைக்கும் கொடி, ஓக் மரத்தின் தண்டைப் பற்றி மேலேறி, வெளிச்சம் கிடைக்கும் உயரத்தை அடைந்த பிறகே பக்கக்கிளைகளை வெளியே நீட்டிப் பூக்கிறது. தரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது பட்டையோடு ஒட்டிய தண்டும் பல் வைத்த இலையும் மட்டுமே. பூ கையில் கிடைத்தாலும் அது பேரினத்தின் வழக்கத்துக்கு ஒத்துவருவதில்லை. இமயக் கொடியில் மகரந்தத்தாள்கள் ஒன்பது முதல் பதினைந்து வரை வேறுபடுகின்றன. ஜப்பானியக் கொடியில் பதினைந்து முதல் இருபது வரை. மற்ற ஹைட்ரேஞ்சியாக்களில் இதழ்கள் தனித்தனியே விரிய, இதில் அவை நுனியில் ஒட்டிக்கொண்டு குல்லாய் போல மொட்டை மூடியிருக்கும். மலரும்போது அந்தக் குல்லாய் முழுதாகக் கழன்று விழும்.

*பள்ளத்தாக்குக்குள் ஒரு தாவரவியலாளர்*

இந்தப் பூ முதலில் ஐரோப்பியத் தாவரவியலின் மேசைக்குச் சென்றது நேபாளத்திலிருந்து. அதற்கு வழி திறந்தது ஒரு போர்.

1814 முதல் 1816 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் கூர்க்கா அரசுக்கும் நடந்த போர் சுகௌலி உடன்படிக்கையில் முடிந்தது. அதன்படி காத்மாண்டுவில் பிரிட்டிஷ் பிரதிநிதி ஒருவர் தங்க நேபாளம் இசைய வேண்டியதாயிற்று. அப்பதவிக்கு வந்த எட்வர்ட் கார்ட்னர் செடிகளில் ஆர்வம் உடையவர். 1817 முதல் அவர் விதைகளையும் உலர்ந்த மாதிரிகளையும் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கினார். அவற்றைப் பெற்றுக்கொண்டவர் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தானியேல் வாலிச்.

வாலிச்சின் வாழ்க்கையே ஒரு கைதியின் கதையாகத் தொடங்கியது. கோபன்ஹேகனில் 1786-இல் பிறந்த அவர், டேனிஷ் குடியேற்றமான செராம்பூருக்கு அறுவை மருத்துவராக 1807-இல் வந்தார். மறு ஆண்டே ஐரோப்பியப் போரின் எதிரொலியாக பிரிட்டிஷார் செராம்பூரைக் கைப்பற்ற, அவர் போர்க்கைதியானார். அவருடைய தாவர அறிவைக் கேள்விப்பட்ட வில்லியம் ராக்ஸ்பர்க், தம் தோட்டத்தில் பணியாற்ற அவரை விடுவித்து அழைத்துக்கொண்டார். 1817-இல் அத்தோட்டத்தின் பொறுப்பே வாலிச்சிடம் வந்தது. 1846 வரை அவர் அதை விடவில்லை.

1820-இல் வாலிச் தாமே நேபாளம் சென்று ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். ஆனால் போரில் தோற்ற அரசு, வென்றவர்களின் மனிதரை நாடெங்கும் சுற்றவிடத் தயாராக இல்லை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த மலைச்சரிவுகளும்தான் அவருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை. பனிமலைகள் கண்ணுக்குத் தெரிந்தன. கால் வைக்க முடியவில்லை.

உயர்மலைத் தாவரங்கள் அவருக்குப் பிறர் கைவழியாகவே வந்தன. பரத் சிங், பிரான்சிஸ் டி சில்வா ஆகிய சேகரிப்பாளர்கள் அவருக்காகவும் கார்ட்னருக்காகவும் உழைத்தவர்கள். இன்னொரு வழி வியப்புக்குரியது. காத்மாண்டுவுக்கு வடக்கே கோசாயிந்தான் என்ற புனிதத் தலத்துக்கு, சிவன் நஞ்சுண்ட கதையோடு இணைந்த ஏரியில் நீராட, ஆண்டுதோறும் இந்துப் பக்தர்கள் மலையேறிச் செல்வது வழக்கம். ஐரோப்பியருக்கு மூடப்பட்டிருந்த அந்தப் பாதையில் சென்று திரும்பிய யாத்திரிகர்கள் வாலிச்சுக்காகச் செடிகளைப் பறித்துக்கொண்டு வந்தார்கள். இமயத்தின் உச்சித் தாவரங்கள் பல உலக அறிவியலுக்குள் நுழைந்தது ஒரு தீர்த்த யாத்திரையின் மூட்டையில்.

*ஓராண்டு முந்திய பெயர்*

கல்கத்தா திரும்பிய வாலிச், நேபாளத் தாவரங்களைப் படங்களோடு வெளியிட முனைந்தார். லத்தீனில் தலைப்பிட்ட அந்நூலின் முதற்பகுதி 1824-இலும் இரண்டாம் பகுதி 1826-இலும் வந்தன. உரைப்பகுதி அச்சானது செராம்பூர் மிஷன் அச்சகத்தில்; படங்கள் அச்சானது கல்கத்தாவில், அப்போதுதான் இந்தியாவுக்கு வந்திருந்த கல்லச்சு முறையில். மொத்தம் ஐம்பது படங்கள். இந்திய மண்ணில் கல்லச்சில் உருவான தாவர நூல்களுள் மிக முற்பட்டது அது. படங்களுக்கு உழைத்த ஓவியர்களுள் விஷ்ணுபிரசாத், கோராசந்த் ஆகிய இருவரின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. முகலாயச் சிற்றோவிய மரபின் நுண்மையை மகரந்தத்தாள் எண்ணும் கண்ணோடு இணைத்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

அந்த இரண்டாம் பகுதியில், 1826-இல், ஏறுகொடி ஹைட்ரேஞ்சியா படத்தோடு இடம்பெற்றது. வாலிச் அதற்கு இட்ட பெயர் ஹைட்ரேஞ்சியா ஆல்டிசிமா. மிக உயர்ந்தது என்பது பொருள். மரத்தின் மேலே ஏறி நிற்கும் கொடியைப் பார்த்தவர் இயல்பாக வைக்கக்கூடிய பெயர்.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே, 1825-இல், லண்டனில் அக்கொடிக்கு வேறு பெயர் சூட்டப்பட்டுவிட்டது. சூட்டியவர் டேவிட் டான். ஸ்காட்லாந்தில் 1799-இல் பிறந்த அவர், லாம்பர்ட் என்ற செல்வந்தரின் தாவரத் தொகுப்பைப் பேணும் பணியில் இருந்தார். அத்தொகுப்பில் 1802-1803-இல் நேபாளம் சென்ற புக்கானன் ஹாமில்டனின் மாதிரிகள் இருந்தன. வாலிச் கல்கத்தாவிலிருந்து அனுப்பிய மாதிரிகளும் இருந்தன. இமயத்தைக் காணாத டான், அலமாரியிலிருந்த உலர்ந்த தாள்களைக் கொண்டு நேபாளத் தாவரங்களின் முன்னோட்ட நூல் ஒன்றைச் சிறிய வடிவில் படமின்றி விரைந்து முடித்தார். ஹாமில்டன் சேகரித்தவற்றோடு அண்மையில் வாலிச் அனுப்பிய செடிகளும் சேர்க்கப்பட்டுள்ளன என்பதை நூலின் நீண்ட லத்தீன் தலைப்பே ஒப்புக்கொள்கிறது.

அந்நூலில் இக்கொடியின் பெயர் ஹைட்ரேஞ்சியா அனோமலா. விதிக்கு ஒவ்வாதது என்பது பொருள்.

இரு பெயர்களுக்கும் இடையில் இரு பார்வைகள் தெரிகின்றன. மலைச்சரிவில் நின்றவர் உயரத்தைப் பெயராக்கினார். லண்டனில் மேசைமுன் அமர்ந்தவர் ஒழுங்கின்மையைப் பெயராக்கினார். படம் வரையப்பட்டு, கல்லில் ஏற்றப்பட்டு, அச்சாகி வெளிவருவதற்கு ஆன காலம் வாலிச்சுக்குப் பாதகமாயிற்று. முறையாக முதலில் வெளியிடப்பட்ட பெயருக்கே உரிமை என்ற முன்னுரிமை விதி 1867-இல் பாரிஸில் கூடிய தாவரவியல் மாநாட்டில் எழுத்துவடிவம் பெற்றது. அவ்விதிக்கு ஓராண்டு மூப்பே போதும். ஆல்டிசிமா இன்று துணைப்பெயர்ப் பட்டியலில் மட்டும் வாழ்கிறது.

*விசிறித் தீவிலிருந்து*

நேபாளப் பள்ளத்தாக்கைவிடச் சிறிய சிறை ஒன்று கிழக்கே இருந்தது. நாகசாக்கித் துறைமுகத்தில் விசிறி வடிவில் கட்டப்பட்ட செயற்கைத் தீவு தெஜிமா. ஜப்பானோடு வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்டிருந்த ஒரே ஐரோப்பியரான டச்சுக்காரர்கள் அதில்தான் அடைபட்டிருந்தார்கள். துன்பெர்க் அங்கிருந்த காலத்தில், தீவின் கால்நடைகளுக்கு வெளியிலிருந்து வந்த தீவனக் கட்டுகளைக் கிளறி ஜப்பானியச் செடிகளைப் பொறுக்கியெடுத்தார் என்பது தாவரவியல் வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி.

1823-இல் அத்தீவுக்கு மருத்துவராக வந்தவர், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பிறந்த ஃபிலிப் ஃபிரான்ஸ் வான் சீபோல்ட். அவருடைய மருத்துவப் புகழால் நாகசாக்கியின் நருதாக்கிப் பகுதியில் பள்ளி நடத்த அனுமதி கிடைத்தது. மாணவர்கள் கட்டணமாகத் தந்தவற்றில் முக்கியமானது தகவல். டச்சு மொழியில் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தார்கள். செடிகள் கொண்டு வந்தார்கள். இட்டோ கெய்சுகே போன்ற ஜப்பானியத் தாவர அறிஞர்கள் தம் மரபறிவை அவரோடு பகிர்ந்துகொண்டார்கள். நாகசாக்கி ஓவியர் காவஹாரா கெய்கா செடிகளை வரைந்து தந்தார். வாலிச்சுக்கு விஷ்ணுபிரசாத்தும் கோராசந்தும் எப்படியோ, சீபோல்டுக்குக் கெய்கா அப்படி.

1828-இல் சீபோல்டிடம் தடைசெய்யப்பட்ட ஜப்பானிய நிலப்படங்கள் இருப்பது வெளிப்பட்டது. அவற்றைத் தந்த அரசு வானியலாளர் தக்காஹாஷி காகெயாசு சிறையிலேயே இறந்தார். சீபோல்ட் நாடுகடத்தப்பட்டு, 1829 இறுதியில் ஜப்பானை விட்டு வெளியேறினார். அவருடைய துணைவி குசுமோட்டோ தாக்கியும் இரண்டு வயது மகள் இனேயும் நாகசாக்கியிலேயே தங்கிவிட நேர்ந்தது. இனே பின்னாளில் மேற்கத்திய மருத்துவம் பயின்ற முதல் ஜப்பானியப் பெண் மருத்துவராகப் பெயர் பெற்றார்.

ஐரோப்பா திரும்பிய சீபோல்ட், மியூனிக் நகரத் தாவரவியலாளர் சுக்கரினியுடன் சேர்ந்து ஜப்பானியத் தாவர நூலை 1835 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் ஹைட்ரேஞ்சியாக்கள் சிறப்பிடம் பெற்றன. அழகிய பந்துமலர் வகை ஒன்றுக்கு அவர் ஓட்டாக்சா என்று பெயரிட்டு, அது ஜப்பானியர் வழங்கும் பெயர் என்றார். பின்னாளில் ஜப்பானியத் தாவரவியலாளர் மக்கினோ தோமித்தாரோ அப்படியொரு பெயர் எங்கும் வழங்கவில்லை எனக் கண்டறிந்து, அது தாக்கியை மரியாதையாக அழைக்கும் ஓ-தாக்கி-சான் என்பதன் திரிபே என்று விளக்கினார். துன்பெர்க் 1784-இல் இட்ட பெயர் முந்தியதாகையால் ஓட்டாக்சாவும் முன்னுரிமை விதிக்கு இரையாயிற்று. ஆனால் ஹைட்ரேஞ்சியா இன்று நாகசாக்கி நகரின் அதிகாரப்பூர்வ மலர்.

அதே நூலில்தான், 1839-இல், ஜப்பானிய ஏறுகொடி ஹைட்ரேஞ்சியா பெட்டியோலாரிஸ் என்ற பெயர் பெற்றது. நீண்ட இலைக்காம்பைச் சுட்டும் பெயர் அது. ஜப்பானில் அக்கொடிக்கு வழங்கும் பெயர் சுரு அஜிசாய். கொடி ஹைட்ரேஞ்சியா என்பது அதன் நேர்ப்பொருள். அக்காட்டில் அதோடு சேர்ந்தே ஏறும் இன்னொரு கொடியையும் அவர்கள் விவரித்தார்கள். ஜப்பானியர் அதை இவாகராமி என்பர். தாவரவியல் பெயர் ஸ்கைசோஃபிராக்மா. இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் இரட்டையர். பூத்தபின் ஐயம் இல்லை: ஹைட்ரேஞ்சியாவின் விளிம்புப் பூவில் வழக்கமாக நான்கு வெள்ளைப் புல்லி இதழ்கள்; மற்றதில் ஒன்றே ஒன்று. இதனால் நெடுங்காலம் நாற்றங்கால்களில் ஒன்றின் பெயரில் மற்றொன்று விற்பனையானது. வாங்கியவர் தம்மிடம் இருப்பது எது என்று அறிவதற்கும் பூக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

*இளமை நீங்காத கொடி*

பூ ஏன் தாமதமாகிறது என்ற கேள்விக்கான முதல் தடயம் ஹைட்ரேஞ்சியாவிலிருந்து கிடைக்கவில்லை. ஐரோப்பாவின் ஐவிக் கொடியிலிருந்து கிடைத்தது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ், பொது ஊழிக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே, தரையில் படர்ந்து பூக்காமலிருக்கும் ஐவியும் உயரத்தில் காய்க்கும் ஐவியும் வயதால் வேறுபட்ட ஒரே செடிதான் என்ற கருத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஐவியின் இளநிலைத் தண்டு பற்றுவேர் விட்டு ஏறும், இலை மடல் மடலாக இருக்கும், பூக்காது. முதிர்நிலைத் தண்டு வேர் விடாது, வெளியே நீண்டு நிற்கும், இலை மடலற்றிருக்கும், பூக்கும். வியப்பு என்னவென்றால், முதிர்ந்த கிளையை வெட்டிப் பதியன் போட்டால் புதிய செடி கொடியாக ஏறாமல் புதராகவே வளர்கிறது. தன் வயதை அத்தண்டு நினைவில் வைத்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த நினைவின் பொறிமுறை சிறிது சிறிதாகப் புலப்பட்டது. பகலின் நீளமே பல செடிகளுக்குப் பூக்கும் காலத்தை உணர்த்துகிறது என்று அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் 1920-இல் காட்டினார்கள். 1957-இல் ராபின்ஸ் என்ற ஆய்வாளர், கிபரெலிக் அமிலம் செலுத்தி முதிர்ந்த ஐவியை மீண்டும் இளநிலைக்குத் திருப்ப முடியும் என்று நிறுவினார். அண்மைக் காலத்தில், மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 என்ற சிறு மூலக்கூறு இளஞ்செடியில் மிகுந்திருந்து, வயது ஏற ஏறக் குறைவது தெரியவந்தது. அது குறையும்வரை செடி இளநிலையிலேயே நிற்கும். பூக்கும் கட்டளைகள் செயல்படா. சிறுசெடிகளில் மட்டுமல்லாமல் மரங்களிலும் ஐவியிலும் இதே போக்கு காணப்படுவதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஏறுகொடி ஹைட்ரேஞ்சியாவின் பழக்கம் இந்தச் சட்டகத்தில் பொருந்துகிறது. சுவரோடு தட்டையாக ஒட்டி மேலேறும் தண்டு பூப்பதற்கானது அன்று, இடம் பிடிப்பதற்கானது. இடம் பிடித்தபின், அத்தண்டிலிருந்து சுவரைவிட்டு விலகிக் கையளவும் முழமுமாக வெளியே நீளும் பக்கக்கிளைகளின் நுனியில்தான் பூங்கொத்து வரும். காட்டில் இதற்குப் பொருள் உண்டு. நிழலில் பூத்தால் பூச்சி வராது, காய்க்குச் சர்க்கரையும் போதாது. வெளிச்சத்தை எட்டும்வரை பூவில் செலவு செய்யாத கொடியே சந்ததி விட்டிருக்கும்.

தோட்டக்காரர்களின் வருத்தம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். விதையிலிருந்து வளர்ந்த கன்று தன் இளமையைக் கழித்தே ஆக வேண்டும். வேர் ஊன்றவே அது முதல் சில ஆண்டுகளைச் செலவிடும். அந்த நேரத்தில் தோண்டி இடம் மாற்றினால் செலவிட்ட காலம் வீணாகும். அடுத்த கோடைக்கான பூமொட்டு முந்தைய ஆண்டின் தண்டில் உருவாவதால், இலையுதிர் காலத்திலோ வசந்தத்தின் தொடக்கத்திலோ கத்தரிப்பவர் பூவையே கத்தரிக்கிறார். சுவரைவிட்டு வெளியே நீளும் கிளைகள் ஒழுங்கைக் கெடுப்பதாக எண்ணி அவற்றை நறுக்கி, சுவரைப் பச்சைத் தாள் ஒட்டியது போல வைத்திருப்பவர் வீட்டில் அக்கொடி என்றுமே பூக்காது. தழைச்சத்து மிகுந்த உரம் இலையை வளர்க்கும். அடர்நிழலில் கொடி வாழும், பூ குறையும். மொட்டு விரியும் நேரத்தில் வரும் பின்பனி மொட்டைக் கருக்கும். உயரத்தைத் தந்து, வெளிச்சத்தைத் தந்து, வேர்ப்பகுதியை ஈரமாக வைத்து, கத்தரிக்க வேண்டியதைப் பூ உதிர்ந்த உடனே கத்தரித்து, மற்ற நேரங்களில் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே அதைப் பூக்க வைக்கும் வழி. முதிர்ந்த, ஏற்கெனவே பூத்த கொடியிலிருந்து எடுத்த கிளையில் வளர்த்த கன்றை வாங்கினால் காத்திருப்பு குறைய வாய்ப்புண்டு. சுருங்கச் சொன்னால், இமயத்தின் ஓக் மரம் அதற்குச் செய்வதைச் சுவரும் செய்தால் போதும்.

*பெயர்ப்பலகையில் இல்லாதவர்கள்*

கதைக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. கலிபோர்னியாவின் எலிசபெத் மெக்ளின்டாக் 1957-இல் வெளியிட்ட ஹைட்ரேஞ்சியா பேரின ஆய்வில், இமயக் கொடியும் ஜப்பானியக் கொடியும் ஒரே சிற்றினத்தின் இரு துணையினங்கள் என்று முடிவு செய்தார். ஒரே சிற்றினமானால் மூத்த பெயருக்கே உரிமை. 1839-ஐ 1825 வென்றது. ஐரோப்பிய, அமெரிக்கத் தோட்டங்களில் சுவரேறி நிற்கும் ஜப்பானியக் கொடிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் அன்றுமுதல் நேபாளத்தின் அனோமலா முன்னாலும், பெட்டியோலாரிஸ் பின்னாலும் எழுதப்பட்டன. இரண்டையும் மீண்டும் தனிச் சிற்றினங்களாகப் பிரிப்போரும் இன்று உண்டு, விவாதம் ஓயவில்லை.

தாவரவியல் மரபில் பெயருக்குப் பின்னால் அதை வெளியிட்டவர்களின் பெயர்ச்சுருக்கமும் எழுதப்படும். துணையினத்தின் முழுப்பெயரை எழுதினால் டான், சீபோல்ட், சுக்கரினி, மெக்ளின்டாக் ஆகிய நால்வரும் வரிசையாக நிற்பார்கள். ஓராண்டு நேபாளத்தில் தங்கிய வாலிச் அதில் இல்லை. கல்லில் ஏறிய படங்களுக்கு உழைத்த விஷ்ணுபிரசாத்தும் கோராசந்தும் இல்லை. கெய்கா இல்லை. மலையேறிய பரத் சிங் இல்லை. கோசாயிந்தானில் நீராடிவிட்டுச் செடிகளோடு இறங்கி வந்தவர்களுக்கோ எந்த நூலிலும் பெயரே இல்லை.

முன்னுரிமை விதியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒரு செடிக்கு ஒரு பெயர் என்ற ஒழுங்கு இல்லாமல் அறிவியல் நடக்காது. ஒழுங்குக்கு ஏதேனும் ஒரு நாள்காட்டி வேண்டும். ஆனால் அந்த நாள்காட்டி அச்சான நாளை மட்டுமே கணக்கில் கொள்கிறது. பறித்த நாளையும் சுமந்த நாளையும் வரைந்த நாளையும் அது கணக்கில் கொள்வதில்லை. அவற்றை மீட்டுச் சொல்வது வரலாற்றின் வேலை.

தெஜிமாவிலும் காத்மாண்டுவிலும் எல்லைக்குள் அடைபட்டிருந்த இருவருக்கு, எல்லைக்கு வெளியே நடமாடக்கூடியவர்கள் செடிகளைக் கொண்டு வந்து தந்தார்கள். மேலே ஏறிப் பறிக்க ஒருவர் இல்லாமல் இக்கொடியின் பூ தரைக்கு வந்திருக்காது. பூ வராமல் பெயரும் வந்திருக்காது.